பாம்பும் பஞ்சசீலமும்

 

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் நாட்டார் வழங்கும் பழமொழி. நடுங்கும் மனிதன் இரண்டு செயல்களுள் ஒன்றைச் செய்கிறான். கோலை எடுத்து அடிக்கிறான். அன்றேல் பாலை எடுத்துப் புற்றில் ஊற்றுகிறான். ஒன்று கொலை, மற்றொன்று பூசை. பார்வைக்கு இவை நேர்மாறானவை போலத் தோன்றும். ஆராய்ந்து நோக்கின் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. அத்தாயின் பெயர் அச்சம். அவளைப் பெற்றவளின் பெயர் அறியாமை. பகவான் புத்தர் காட்டிய நெறியில் வந்துள்ள நாம் புற்றுக்குப் பால் ஊற்றுவதை விட்டொழித்தோம். ஆயின் கோலையும் கீழே வைத்துவிட்டோமா? இதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நாம் தில்லி மாநகரம் சென்றிருந்தோம். தென் தில்லியில் சரோஜினி நகர் என்னும் பகுதியில், அரசாங்க அலுவல் காரணமாகத் தமிழ்நாட்டை விட்டு வந்து வாழும் சில குடும்பத்தினர் நம்மை அறவுரை ஆற்ற அழைத்திருந்தனர். கவிக்குயில் சரோஜினி அம்மையாரின் பெயர் சூட்டப்படுவதற்கு முன்னர் அந்நகருக்கு விநய் நகர் என்று பெயர். ஒழுக்கநெறியைக் குறிக்கும் விநயம் என்னும் சொல்லையே அவ்வூர் முன்பு தாங்கியிருந்தது என்று அறிந்து மகிழ்ந்தோம். அருகே இலட்சுமிபாய் நகரிலும் மோதிபாக்கிலும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் நடைபெறுகின்றன. ஆதலின் நம்மவர் பிள்ளைகள் தாய்மொழியை மறவாமல் வளர்கின்றனர்.

அந்நகரின் பழைய குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் விண்ணளாவும் அடுக்கு வீடுகள் எழுந்து வருகின்றன. இதற்காக மரங்களை வெட்டுவதைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் நிறுத்திவைத்த செய்தியை நேயர்கள் படித்திருக்கலாம். ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடிப் பாறைமேடு தில்லிக்குள்ளேயே ஊடுருவிக் கிடக்கிறது. எனவே நாகம், கட்டுவிரியன், சாரை, தண்ணீர்ப்பாம்பு முதலியவை அம்மாநகரில் இன்றும் வாழ்கின்றன. மழை பெய்து வளைகளில் நீர் புகுந்தால் அவை மேட்டை நாடி வரும். மேட்டில் இருப்பது மனிதனின் வீடு.

இவ்விடத்தில் ஒன்று நினைவு கூரத்தக்கது. பிக்குகள் மழைக்காலத்தில் ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று பகவான் விதித்தது ஏன்? மழையில் நடமாடும் பிக்குகள் பசும்புல்லை மிதிக்கின்றனர், சிற்றுயிர்களை நசுக்குகின்றனர் என்று மக்கள் முறையிட்டமையால் என்று விநயம் கூறுகிறது. மண்ணுயிர்கள் வெளியே வரும் காலத்தில் மனிதன் தன் காலை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதே வஸ்ஸா விரதத்தின் தோற்றம்.

நிற்க. அன்று நமது உரை முதற் சீலமாகிய உயிர்க்கொலை தவிர்த்தலைப் பற்றியது. உரை முடிந்ததும் ஓர் அம்மையார் எழுந்தார். "ஐயா, எங்கள் வீடு தரைத்தளம். கைக்குழந்தை தரையில் தவழ்கிறது. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் நான் பிள்ளையைக் காப்பதா, சீலத்தைக் காப்பதா?" என்று வினவினார். அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெற்ற வயிற்றின் வினா அது.

நாம் அவருக்கு உரைத்த விடை இது: "அம்மா, முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அதைச் சீலம் தடுக்கவில்லை. பிள்ளை உங்கள் இடுப்பில் ஏறிய கணத்திலேயே உங்கள் வினாவில் பாதி தீர்ந்துவிட்டது. கதவைச் சாத்துங்கள். மற்றைப் பாதியும் தீர்ந்தது. பாம்பு மனிதனைத் துரத்தி வந்து உண்ணும் பிராணியன்று. நம் பிள்ளை அதற்கு இரையுமன்று. அது தேடி வந்தது எலியை, பல்லியை, தவளையை. அல்லது ஈரமில்லாத ஒரு மூலையை."

உடனே ஓர் இளைஞர், "ஓடவும் வழியில்லை, கதவும் இல்லை, பாம்பு பிள்ளையின் மேலேயே ஏறுகிறது என்றால்?" என்றார். இத்தகைய கடைசிக் கணம் ஒருவருக்கு நேரலாம். நேர்ந்தால் தாயின் கை என்ன செய்யுமோ அதைச் செய்யும்; அவ்வினையின் அளவை அவள் எண்ணமே நிறுக்கும். ஆனால் அன்பர்களே, ஆயிரத்தில் ஒரு கணத்தைக் காட்டி, எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பாம்புகளை அடித்துக் கொல்ல அனுமதி கேட்பது மனித மனத்தின் பழைய தந்திரம். சீலம் அத்தந்திரத்துக்கு இடங்கொடாது.

நாம் அங்கே தங்கியிருந்த நாள்களிலேயே இதற்கு ஒரு சான்று கிடைத்தது. கோடையில் தில்லிவாசிகள் பயன்படுத்தும் நீர்க் கூலர் ஒன்றின் பின்புறத்தில், ஈரமும் நிழலும் கண்டு ஒரு பாம்பு ஒடுங்கியிருந்தது. கருநிற உடலில் வெண்பட்டைகள். "சாம்ப்! சாம்ப்!" என்று அண்டை வீட்டார் இந்தியில் கூவினர். காவலாளி தடியுடன் வந்தார். கட்டுவிரியன் என்றனர் சிலர். உடனே கொல்லுங்கள் என்றனர் பலர். குடும்பத் தலைவர் நம் உபாசகர். அவர் பிள்ளைகளை மாடி வீட்டுக்கு அனுப்பி, உள்ளறைக் கதவின் அடியிடுக்கில் துணியைச் செருகி, வனவிலங்கு மீட்போரைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு மணி நேரம் எவரும் அதனைச் சீண்டாமல் எட்ட நின்று பார்த்திருந்தோம்.

மீட்கும் இளைஞர் வந்தார், பார்த்தார், கொக்கியால் மெல்ல எடுத்துப் பையிலிட்டார். அது கட்டுவிரியன் அன்று, வெள்ளிக்கோல் வரையன் என்னும் நஞ்சற்ற பாம்பு என்றார். சுவரேறிப் பல்லி பிடிப்பது அதன் தொழில். கட்டுவிரியனுக்குப் பட்டைகள் வால்பக்கம் தெளிவாகவும் கழுத்துப்பக்கம் மங்கியும் இருக்கும். இதற்கோ கழுத்துப்பக்கம் தெளிவாகவும் வால்பக்கம் மங்கியும் இருக்கும் என்று விளக்கினார். அன்று கூடியிருந்த இருபது பேரில் ஒருவருக்கும் அவ்வேறுபாடு தெரியாது. ஆயினும் அத்தனை பேரும் தீர்ப்புக் கூறிவிட்டனர், மரண தண்டனை என்று! அறியாதவன் நீதிபதியாக அமர்ந்தால் அவன் அறிந்த தண்டனை அஃதொன்றே. பாம்புக்கு மட்டுமா இவ்வாறு நடக்கிறது? நிறத்தையும் பிறப்பையும் பார்த்து மனிதனுக்கும் இவ்வாறே தீர்ப்புக் கூறிய நாடன்றோ இது! அத்தீர்ப்பின் சுமையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த நாம், அதே தவற்றை ஊமைப் பிராணியிடம் செய்யலாமா?

இனிப் பகவானின் வரலாற்றைக் காண்போம். சாவத்தியில் ஒரு பிக்கு பாம்பு கடித்து இறந்தார். அச்செய்தி கேட்ட பகவான், அப்பிக்கு நான்கு பாம்புக் குலங்களிடத்தும் மைத்திரி பரப்பவில்லை போலும் என்று கூறி, விரூபாக்கர், ஏராபதர், சப்யாபுத்தர், கண்ஹகோதமகர் என்னும் அந்நான்கு குலங்களுக்கும் அன்பைச் செலுத்துமாறு பிக்குகளுக்கு அறிவுறுத்தினார். இதனை மந்திரமாகக் கொண்டு, ஓதினால் பாம்பு கடிக்காது என்று நம்புவோர் உளர். அது புற்றுக்குப் பால் ஊற்றியதன் மறு வடிவமே ஆகும்.

மைத்திரி பாம்பின் பல்லைக் கட்டுவதன்று. நம் கையையும் காலையும் திருத்துவது. பாம்பிடத்தும் அன்புடையவன் எங்ஙனம் நடப்பான்? இருளில் விளக்கின்றி அடியெடுத்து வையான். கல்லிடுக்கிலும் விறகுக் குவியலிலும் பாராமல் கைவிடான். ஒதுங்கிப் போவதைக் கோலால் குத்தான். வீட்டைச் சுற்றிக் குப்பையைச் சேர்த்து எலிக்கு விருந்தும், எலியின் வழியே பாம்புக்கு அழைப்பும் வையான். இவ்வாறு நடப்பவனைப் பாம்பு கடிக்கும் வாய்ப்பு எத்துணைக் குறைவு என்பதை எண்ணிப் பாருங்கள். மைத்திரி காக்கிறது என்பதன் பொருள் இதுவே.

அவ்வாறாயின் மைத்திரி நிறைந்தவரைப் பாம்பு தீண்டவே தீண்டாதோ? தீண்டியதுண்டு. இராசகிருகத்துச் சீதவனத்தில், சாரிபுத்தரின் இளவல் என்று உரைகாரர் கூறும் உபசேன தேரரின் உடலில் பாம்பு விழுந்து கடித்தது. அவர் தோழர்களை அழைத்து, இவ்வுடல் சிதறுமுன் கட்டிலோடு வெளியே எடுத்துச் செல்லுங்கள் என்றார். சாரிபுத்தர் பார்த்தார், முகத்திலும் புலன்களிலும் யாதொரு மாறுதலும் இல்லை. நான் என்னும் பற்றை அறுத்தவருக்கு நஞ்சு உடலை மட்டுமே தொட்டது. ஆகவே தம்மம் கவசமும் அன்று, தாயத்தும் அன்று. இறப்பு வரும்போதும் நடுங்காத மனத்தைத் தருவதே தம்மம்.

அதற்காக மருந்தை விலக்கினாரா பகவான்? இல்லை. பாம்பு கடித்த பிக்குவுக்குச் சாணம், மூத்திரம், சாம்பல், களிமண் என்னும் நான்கையும் அக்கால வைத்திய முறைப்படி கொடுக்க அனுமதித்தார். பிறர் கையால் கொடுக்கப்பட்டதையன்றிப் பிக்கு உட்கொள்ளலாகாது என்பது விதி. கொடுப்பார் இல்லாதபோது தாமே எடுத்துக்கொள்ளலாம் என்று அவ்விதியையும் அவ்வேளைக்குத் தளர்த்தினார். அந்நான்கும் இன்று மருந்தாகா. அவர் காட்டிய வழியோ இன்றும் பொருந்தும்: அவ்வக்காலத்தின் சிறந்த வைத்தியத்தைக் காலந்தாழ்த்தாது நாடுக என்பதே அவ்வழி.

நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், சராசரியாக ஆண்டொன்றுக்கு 58,000 பேர், இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். மாண்டவரிற் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் பாம்புக்கடி நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அதனை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

ஆதலின் கடிபட்டால் செய்ய வேண்டியதை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததற்குச் செய்வது போல் கட்டையை வைத்து அசையாமல் தளரக் கட்டுங்கள். இறுகக் கயிறு கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், மந்திரிக்க அழைத்துச் செல்லுதல் ஆகிய நான்கும் கூடா. நேரே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சரோஜினி நகரத்தாருக்குச் சப்தர்ஜங் மருத்துவமனையும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் அண்மையிலேயே உள்ளன. பாம்பைத் தேடிக் கொன்று எடுத்துச் செல்லவும் வேண்டா. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவான ஒரே முறிமருந்தே நம் நாட்டில் கொடுக்கப்படுகிறது. கட்டுவிரியன் இரவில் வந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடித்த வலியும் தெரியாது, தடமும் தெரியாது. விடியலில் வயிற்றுவலியும் கண்ணிமைச் சோர்வும் கண்டால் ஐயுற்று விரைக. கட்டிலும் கொசுவலையும் இதற்கு நல்ல காப்பு.

இனி, அம்முறிமருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிய வேண்டும். பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகின்றனர். அந்நஞ்சின் பெரும்பகுதியை நாட்டுக்கு அளிப்போர் நம் செங்கற்பட்டு மாவட்டத்து இருளர் மக்கள். பாம்புத் தோல் வாணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த அவர்களுடைய பிழைப்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் நின்றது. 1978ஆம் ஆண்டில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கத்தார், வனத்துறையின் உரிமம் பெற்றுப் பாம்புகளைப் பிடிக்கின்றனர். சில வாரங்கள் மண்பானைகளில் வைத்து நஞ்செடுக்கின்றனர். வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுப் பின் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். பாம்பும் பிழைக்கிறது, மனிதனும் பிழைக்கிறான். கோலுக்கும் பாலுக்கும் இடைப்பட்ட நடுவழி இதுவன்றோ!

இங்கே ஒரு முதிய உபாசகர், "ஐயா, உயிர் விற்பனையும் நஞ்சு விற்பனையும் உபாசகனுக்கு ஆகாத வாணிகம் என்று பகவான் விலக்கினாரே, நஞ்சு எடுத்து விற்பது குற்றமாகாதோ?" என்று கேட்டார். நல்ல வினா. பகவான் விலக்கியது பிறரைக் கொல்வதற்கு உதவும் நஞ்சை. ஈண்டு எடுக்கப்படுவதோ, சாகக் கிடப்பவனை எழுப்பும் மருந்துக்கு வித்து. தொழிலின் தன்மையை அது செய்யும் பயனும் செய்வோன் எண்ணமும் கொண்டே அளக்க வேண்டும். கள்ளங்கபடமின்றி ஏழைத் தாயின் பிள்ளையைக் காக்கும் அத்தொழிலைத் தூய வாழ்க்கையே என்று நாம் துணிந்து கூறுவோம்.

அவ்விருளருள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் கடல் கடந்து சென்ற வரலாறும் நமக்குப் பாடமாகும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், வேடிக்கைக்காக விலை கொடுத்து வாங்கி வளர்க்கப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் சில தப்பியும், சில வெளியே விடப்பட்டும் சதுப்புக்காடுகளில் பெருகின. அங்கிருந்த முயல் முதலிய சிறு விலங்குகள் அருகத் தொடங்கின. அம்மாநில வனவிலங்கு ஆணையமும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் 2017 சனவரியில் இவ்விருவரையும் வரவழைத்தன. ஆங்கிலம் அறியாத அவர்கள், மண்ணில் படிந்த தடத்தையும் எச்சத்தையும் கண்டு, முதல் எட்டு நாள்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். கீ லார்கோவில் 16 அடி நீளமுள்ள பெண் பாம்பொன்றும் அவற்றுள் அடங்கும். 2023ஆம் ஆண்டில் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது, நாம் கூறிவந்த அதே தில்லியில் வழங்கப்பட்டது. சேரிக்கும் அப்பால் தள்ளப்பட்டிருந்த ஒரு குலத்தாரின் அறிவை உலகம் தேடி வந்து கற்றது!

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. ஃபுளோரிடாவில் பிடிக்கப்பட்ட மலைப்பாம்புகள் மீண்டும் காட்டில் விடப்படுவதில்லை; கொல்லப்படுகின்றன. இதனை நல்வினை என்று நாம் கூறமாட்டோம். கூறினால் சீலத்தை நம் வசதிக்கு வளைத்தவராவோம். ஆனால் அக்கொலையின் வேர் எது? பிடித்தவர் கையா? காட்டில் பிறந்த உயிரைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து விற்றவனும், பொழுதுபோக்குக்கு வாங்கியவனும், வளர்ந்து பெருத்ததும் வீசியெறிந்தவனும் அவ்வேரின் கிளைகள் அல்லரோ? ஆசையோடு தொடங்கியது கொலையில் முடிந்தது. பகவான் உயிர் விற்பனையை விலக்கியதன் ஆழம் ஈண்டுத் தெளிவாகிறது. முடிவில் நிற்பவனை மட்டும் பழித்துப் பயனில்லை. தொடக்கத்தில் ஆசையை அறுக்க வேண்டும்.

நாம் நூற்பாலையில் பணியாற்றிய காலத்தில் ஒன்று கற்றோம். ஓடும் இயந்திரத்தின் பற்சக்கரத்தைத் தொழிலாளி வெறுப்பதில்லை. அதற்குத் தேங்காய் உடைத்துவிட்டால் விரல் தப்பும் என்று நம்பினால் விரல் போய்விடும். அதன் இயல்பறிந்து, கையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்று தெரிந்து நடப்பவனே மாலையில் முழுக்கையோடு வீடு திரும்புகிறான். பாம்பிடத்தும் அவ்வறிவே வேண்டும். பாம்பு தன் இயல்பில் இருக்கிறது. அதற்குப் பழிவாங்கும் நினைவுமில்லை, தலையில் மாணிக்கமுமில்லை, வரமளிக்கும் ஆற்றலுமில்லை. அது பால் குடிக்கும் பிராணியுமன்று. வடநாட்டில் நாகபஞ்சமிக்காகப் பல்லைப் பிடுங்கி, வாயைத் தைத்து, நாள் கணக்கில் நீரின்றி வாட்டிக் கொணர்ந்த பாம்பு, தாகம் தாங்காமல் பாலை விழுங்கிப் பின் மாளும். பக்தியின் பெயரால் நடக்கும் கொலை அது.

பாம்பைத் தவறாகப் பற்றுபவனைப் பற்றிப் பகவான் ஓர் உவமை கூறியுள்ளார். வாலைப் பிடித்தவனைப் பாம்பு திரும்பிக் கடிக்கும். கவைக்கோலால் அடக்கி முறையறிந்து பற்றியவனுக்குத் தீங்கில்லை. தம்மத்தைத் தவறாகப் பற்றுபவனுக்கும் அவ்வாறே கேடு விளையும் என்பது அதன் கருத்து. பாம்பை அடியாமல் விட்டேன் என்று பெருமை பேசிக்கொண்டு, பாம்பு பிடிக்க வந்த ஏழைக்கு வாசலில் நிற்கவைத்துத் தனிக் குவளையில் தண்ணீர் கொடுப்பவன், முதற் சீலத்தை வாலில் பிடித்தவன் ஆவான். அது திரும்பி அவனையே கடிக்கும்.

ஆகவே அன்பர்களே, இம்மழைக்காலத்தில் மூன்று உறுதிகளை மேற்கொள்வோம். வீட்டைச் சுற்றிலும் தூய்மையாக வைத்து, இருளில் விளக்கோடு நடப்போம். பாம்பு வந்தால் பிள்ளைகளை அகற்றி, எட்ட நின்று, அறிந்தவரை அழைப்போம்; நாமே கையால் பிடிக்கவும் துணியோம், கோலால் அடிக்கவும் துணியோம். கடிபட்டவர் எக்குலத்தார், எம்மதத்தார் ஆயினும் ஒரு நொடியும் தாழாது மருத்துவமனை சேர்ப்போம்.

அன்று வினவிய அம்மையார் நாம் ஊர் திரும்புமுன் வந்து, தம் வீட்டுக் கதவின் அடியிடுக்கைப் பலகை வைத்து அடைத்துவிட்டதாகவும், மீட்போரின் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருப்பதாகவும் கூறினார். நமது ஒரு மணி நேர அறவுரையை அவர் ஒரு பலகையாலும் ஒரு வரியாலும் நிறைவேற்றிவிட்டார். சீலம் என்பது ஓதுவது மட்டுமன்று. இவ்வாறு வீட்டில் செய்து முடிப்பது.

காலுள்ளவையும் காலில்லாதவையும் அச்சமின்றி வாழ்க. நம்மால் எவ்வுயிர்க்கும் நடுக்கம் நேராதிருக்க.

சாது! சாது! சாது!